ஐரோப்பிய ஓவியரும் நம் எல்லைப்புற வாழ்வும்

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், சித்தூர் வட்டத்தில், பனைமரங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஊர். வீட்டுத் திண்ணையிலிருந்து தெற்கே பார்த்தால் ஆனைமலைத் தொடர் நீலச் சுவர்போல் நிற்கும். அந்தச் சுவருக்கு அப்பால், இடுக்கி மாவட்டத்து மறையூரில், என் தாய்மாமன் கரும்பு பயிரிடுகிறார். பஸ்ஸில் போவதானால் பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாட்டுக்குள் இறங்கிச் சுற்றி, மீண்டும் கேரளத்துக்குள் ஏறவேண்டும். இரண்டு ஊரிலும் வீட்டுக்குள் தமிழ், கடைத்தெருவில் மலையாளம். இப்படிப்பட்ட எல்லைப்புறத்தான் ஒருவன் எந்தப் பழைய நூலைத் திறந்தாலும், ‘இதில் நம் ஊர் இருக்கிறதா?’ என்றுதான் முதலில் தேடுவான்.

அந்த ஆசையோடு, 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் தீட்டிய இந்தியப் படங்களின் தொகுதிகளை நூலகத்தில் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். கங்கைக் கரைப் படித்துறைகள் இருந்தன. சென்னைக் கடற்கரையில் அலையோடு போராடும் மசூலாப் படகுகள் இருந்தன. நீலகிரியின் தோடவர் இருந்தனர். ஆனைமலையின் இருபுறத்து அன்றாட வாழ்வு மட்டும் என் கைக்கு அகப்படவில்லை. ஏன் அகப்படவில்லை என்று தேடப் போய்த் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். நான் ஓவியம் பயின்றவன் அல்லேன், வரலாற்று மாணவன். படம் பார்க்கும் முறையில் என் அம்மிச்சியிடம் கற்றதும் கொஞ்சம் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இந்த ஓவியர் எல்லாரும் ஒரே இனத்தவர் அல்லர். நவாபுகளையும் கம்பெனி அதிகாரிகளையும் உருவப்படமாக எழுதினால் பொருள் சேரும் என்று கப்பலேறிய தொழில்முறை ஓவியர் ஒரு சாரார். கவர்னர் ஜெனரல் ஆக்லந்தின் தங்கை எமிலி ஈடனைப் போல, உறவினரோடு வந்து பொழுதுபோக்காகத் தொடங்கிப் பின் நூலாகவே வெளியிட்டோர் இன்னொரு சாரார். மிகப் பெரிய கூட்டம் படை அதிகாரிகளும் நிலஅளவையாளரும். கம்பெனி 1809-ல் இங்கிலாந்தில் அடிஸ்கோம் என்னுமிடத்தில் தொடங்கிய படைப்பள்ளியில் ஓவியமும் ஒரு பாடமாக இருந்தது. புகைப்படக் கருவி பிறவாத காலம் அது. கோட்டையின் மதிலையும் மலையின் கணவாயையும் கண்டவாறே தாளில் இறக்கத் தெரிந்தவனே பயனுள்ள அதிகாரி. ஆகவே துப்பாக்கியோடு வண்ணப்பெட்டியும் நம் நாட்டுக்கு வந்தது.

இவர்களுக்கெல்லாம் வழிகாட்டிகள் என்று தாமஸ் டேனியலையும் அவருடைய உடன்பிறந்தான் மகன் வில்லியம் டேனியலையும் சொல்லவேண்டும். 1786-ல் கல்கத்தாவில் இறங்கிய இவ்விருவரும் 1792-ல் தென்னாட்டுக்கு வந்தனர். வெளிக்காட்சியை வில்லை வழியே தாளின்மேல் விழச்செய்யும் இருட்டுப்பெட்டி ஒன்று இவர்களிடம் இருந்தது. விழுந்த பிம்பத்தின்மேல் கோடு இழுத்தால் கோபுரத்தின் அளவு பிசகாது. ஊர் திரும்பிய பின், 1795 முதல் 1808 வரை, 144 படங்களைச் செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சிட்டு, வண்ணம் பூசி வெளியிட்டார்கள். அவற்றுள் பாபநாசம் அருவி உண்டு. திண்டுக்கல் சீமையின் ஆத்தூரும் உண்டு. ஆத்தூர் பழனி மலைகளின் அடிவாரத்து ஊர்; அங்கிருந்து மலை மலையாக மேற்கே நடந்தால் சில நாளில் மறையூரை அடைந்துவிடலாம். டேனியல்கள் மேற்கே நடக்கவில்லை; தெற்கே போய்விட்டார்கள்.

இவ்வகைப் படங்களில் மனிதர் இருக்கிறார்கள், இல்லாமலில்லை. ஆனால் எங்கே இருக்கிறார்கள்? பெரும்பாலும் அடி மூலையில், அரையங்குல உயரத்தில். ஆள் ஒருவன் பக்கத்தில் நின்றால்தான் ஆலமரம் எவ்வளவு பெரியது என்று லண்டனில் பார்ப்பவனுக்கு விளங்கும். மனிதன் அங்கே அளவுகோல். அக்காலத்து இங்கிலாந்தில் ‘கண்ணுக்கினிய காட்சி’ என்ற ஒரு கொள்கை ஓங்கியிருந்தது. இடிந்த சுவர், கோணல் மரம், சோம்பி நிற்கும் மாடு, கந்தல் உடுத்த ஆள் ஆகியவை படத்துக்கு அழகு என்பார்கள். நம் நாட்டில் இந்த நான்குக்கும் பஞ்சமில்லை என்று அவர்கள் மகிழ்ந்திருப்பார்கள்! ஆயினும் அந்த அரையங்குல மனிதரைத் தள்ளிவிட வேண்டாம். தலைச்சுமையை எப்படிக் கட்டினார்கள், வண்டிச் சக்கரத்துக்கு ஆரக்கால் உண்டா அல்லது முழுப் பலகையா என்றெல்லாம் அறிய அந்த மூலைதான் நமக்கு உதவுகிறது. ஓவியர் பெரிதாகத் தீட்டியது மலையை; வரலாற்று மாணவன் உருப்பெருக்கியை வைப்பது மூலையில்.

அன்றாட வாழ்வையே முழுப் பொருளாகக் கொண்ட முதல் பெரிய முயற்சி வங்காளத்தில் நடந்தது. ஆண்ட்வெர்ப் நகரத்து பிரான்சுவா பல்தசார் சொல்வின்ஸ் 1791 முதல் 1803 வரை கல்கத்தாவில் வாழ்ந்தார். பெரிய இடத்து ஆதரவு அவருக்குக் கிட்டவில்லை. பல்லக்குகளுக்கும் குதிரை வண்டிகளுக்கும் வண்ணம் பூசிப் பிழைத்துக்கொண்டே, தொழிலாளர், வேலைக்காரர், படகுகள், இசைக் கருவிகள், விழாக்கள் என்று பகுத்து 250 படங்களைத் தாமே தகட்டில் செதுக்கினார். பின்னர்ப் பாரிசில் 1808-க்கும் 1812-க்கும் இடையே, 288 படங்களோடு நான்கு பெருந்தொகுதிகளாக விரித்து வெளியிட்டார். இரண்டு முயற்சியும் நட்டத்திலேயே முடிந்தன. அவருடைய நிறங்கள் மங்கலானவை. வாங்குவோர் பளபளப்பை விரும்பினார்கள். எட்வர்டு ஆர்ம் என்னும் லண்டன் பதிப்பாளர் அவருடைய படங்களில் 60-ஐ எடுத்து, அவரைக் கேளாமலே அழகுபடுத்தி வெளியிட்டார். உண்மையான கறுத்த முதுகைவிட ரோஜாநிறக் கன்னம் நன்றாக விற்றது போலும்.

சொல்வின்ஸ் பாடுபட்டவர், அதில் ஐயமில்லை. ஆனால் அவர் தொட்ட வழியில் ஒரு தீங்கும் விளைந்தது. ‘இவன் குயவன், இவன் வண்ணான், இவன் தச்சன்’ என்று சாதிக்கொருவராக, தொழிலுக்கொருவராக நிறுத்திவைத்துப் படம் எழுதும் வழக்கம் நாடெங்கும் பரவியது. தஞ்சையிலும் திருச்சியிலும் இருந்த நம் ஓவியரே வெள்ளையர் வாங்குவதற்காகத் தாளிலும் காக்காய்ப் பொன் தகட்டிலும் கணவன் மனைவியாக இணை இணையாக எழுதி விற்றனர். கையில் தொழிற்கருவி, முகத்தில் ஒரு பாவமுமில்லை, காலடியில் ஒரு துண்டு நிலம். ஊர் இல்லை, பெயர் இல்லை, சாதிப் பெயர் மட்டும் உண்டு.

இப்போது அம்மிச்சியின் கதைக்கு வருகிறேன். எண்பது கடந்தவர். அவருடைய தகப்பனார் பொள்ளாச்சிச் சந்தைக்கு வாடகை வண்டி ஓட்டியவர். விடுமுறையில் ஊருக்குப் போனபோது, கைப்பேசியில் எடுத்துவைத்திருந்த படங்களை ஒரு மாலை அவருக்குக் காட்டினேன். முதலில் இந்த வகைப்படங்கள். கூர்ந்து பார்த்தார்.

“இவன் வேலை செய்யறவன் இல்ல கண்ணு. நிக்கறதுக்குன்னே நிக்கறவன்” என்றார்.

“கையில மம்புட்டி இருக்குதே, அம்மிச்சி?”

“மம்புட்டி புடிச்சவன் இப்பிடி நேரா நிப்பானா? நாள் பூராக் கொத்துனவனுக்கு இடுப்பு நிமுராது.”

அடுத்து ஜார்ஜ் சின்னரியின் பென்சில் படம் ஒன்றைக் காட்டினேன். சின்னரி 1802 டிசம்பரில் சென்னைக்கு வந்து, 1807 வரை அங்கிருந்து, பிறகு கல்கத்தாவிலும், 1825-க்குப் பின் சீனக் கரையில் மக்காவிலும் வாழ்ந்து 1852-ல் மறைந்தவர். பிழைப்புக்காக எழுதியது பெரிய மனிதரின் உருவப்படங்களை. கடனில் மூழ்கிய மனிதர். வங்காளத்தை விட்டுப் போனதும் கடன்காரருக்கு அஞ்சியே. ஆனால் தமக்காக எழுதியவை வேறு. கூரைவீடு, கிணற்றடி, மாடு, வண்டி என்று காலை தோறும் வெளியே போய்ச் சின்னச் சின்னத் தாள்களில் கோடிழுத்துக்கொண்டே இருந்தார். ஓரத்தில் சுருக்கெழுத்தில் குறிப்பும் எழுதுவார். நான் காட்டியது, அவிழ்த்துவிட்ட வண்டியும் அருகில் படுத்த மாடும் உள்ள ஒரு படம்.

அம்மிச்சி சிரித்துவிட்டார். “மாடு அசைபோடுது பாரு. வண்டிக்காரன் சோறு திங்கப் போயிருப்பான். சக்கரத்துக்குக் கல்லு மட்டும் வெக்காம உட்டுட்டான்.”

வண்டிக்காரன் அந்தப் படத்திலேயே இல்லை. இருந்தும் அவனை அவர் பார்த்தார். தொழிற்பெயரோடு நேரே நின்றவனை அவர் ஏற்கவில்லை. இவ்விரு வகை ஓவியத்துக்கும் உள்ள வேறுபாட்டை நான் படித்த எந்த நூலும் எனக்கு இத்தனை விளக்கமாகச் சொல்லவில்லை. ஒன்று மனிதனைப் பட்டியலில் சேர்ப்பதற்காக எழுதியது. மற்றொன்று ஒரு நண்பகலின் ஒரு நொடியை எழுதியது.

நம் மலைகளுக்கு வருவோம். 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்னும் இரு படை அதிகாரிகள் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தார்கள். அன்று பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது; எங்கள் சித்தூரோ கொச்சி அரசருடையது; மறையூர் திருவிதாங்கூருடையது. ஆகவே அம்மிச்சியின் ஊரும் மாமனின் ஊரும் இவர்களுடைய அளவைக்குள் வந்தன. இவருள் பெஞ்சமின் ஸ்வெயின் வார்டு ஓவியர் மகன். தந்தை பிரான்சிஸ் ஸ்வெயின் வார்டு 18-ஆம் நூற்றாண்டில் தென்னாட்டுக் கோயில்களையும் கோட்டைகளையும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவர். தந்தையின் தூரிகை மகன் கையில் அளவைச் சங்கிலியாயிற்று. ஊர், வழி, விளைவு, குடிகள் என்று அவர்கள் எழுதிய விவரக்குறிப்பு இன்றும் வரலாற்றுக்குப் பயன்படுகிறது. படம் என்று பார்த்தால் நமக்குக் கிடைத்தது வரைபடம்தான்.

அடுத்தவர் டக்ளஸ் ஹாமில்டன். சென்னைப் படையைச் சேர்ந்த இவர் 1854-ல் ஆனைமலைக் காடுகளைப் பார்த்துக்கொள்ள வந்தார். அங்கு வெட்டிய தேக்கு, யானைகளால் இழுக்கப்பட்டு, பொன்னானி ஆற்றின் வழியே கடலோரம் சேர்ந்து, பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்குப் போயிற்று. காடரும் மலசரும் அக்காடுகளின் குடிகள். பின்னர், வெள்ளைப் படைவீரர் உடல் தேறுவதற்கேற்ற மலைத்தலங்களைக் கண்டறியும் பணி ஹாமில்டனுக்குக் கிடைத்தது. ஆனைமலை, பழனிமலை, சேர்வராயன் மலை எல்லாம் ஏறி இறங்கி, தொடர்களின் வளைவுகளை நீளநீளத் தாள்களில் எழுதினார். 1862 மே 4 அன்று ஆனைமுடியின் உச்சியில் நின்றார். 2,695 மீட்டர் உயரமுள்ள அச்சிகரத்தில் ஏறியதாக எழுத்தில் பதிவாகியிருக்கும் முதல் மனிதர் அவரே. தலைமுறை தலைமுறையாக அம்மலையில் தேனெடுத்தும் வேட்டையாடியும் வாழ்ந்த முதுவர், அதை ஓர் ஏற்றமாகக் கருதித் தேதி குறித்து வைக்கவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

ஹாமில்டனின் மலைக்கோடுகள் துல்லியமானவை என்று புகழப்பெற்றவை. அதில் எனக்கு மறுப்பில்லை. மலையை எழுத அவருக்கு அரசாங்க ஆணை இருந்தது; மலைமேல் அடுப்பு மூட்டியவனை எழுத ஆணை இல்லை.

ஆணை ஏதுமின்றிக் கண்டதையெல்லாம் எழுதிக்கொண்டு போனவர் ஒருவர் நம் பக்கம் வந்தார். எட்வர்டு லியர், குழந்தைகளுக்கான வேடிக்கைப் பாடல்களால் உலகறிந்த ஆங்கிலேயர். வைசிராய் நார்த்புரூக்கின் அழைப்பின்பேரில் 1873 நவம்பரில் பம்பாயில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 61. கண்பார்வை குறைவு, உடல்நலமும் அப்படியே. ஓராண்டுக்குமேல் நாடு முழுதும் சுற்றி ஏறத்தாழ 2,000 படங்கள் எழுதினார். முதலில் பென்சிலால் விரைந்து ஒரு கோட்டுப்படம். அதன்மேலேயே இடம், நாள், நேரம், வண்ணங்களின் பெயர் என்று குறிப்புகள். பிறகு ஓய்வாக மையும் நீர்வண்ணமும். தஞ்சை, திருச்சி, மாமல்லபுரம், நீலகிரி எல்லாம் பார்த்துவிட்டு, 1874-ன் பிற்பகுதியில் மலபார்க் கரைக்குப் போனார்.

போத்தனூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பேப்பூர் வரை 1862-லேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. நீலகிரியிலிருந்து மலபாருக்குப் போகிறவருக்கு அதைவிட எளிய வழி இல்லை. லியரும் அந்தக் கணவாயை ரயிலில்தான் கடந்திருக்கவேண்டும் என்று எண்ணுகிறேன். சாளரத்துக்கு வெளியே பனைமரங்களும் ஏரிக்கரையும் ஓடியிருக்கும். நான் தேடிய விடையின் ஒரு பாதி இதில் இருக்கிறது. மலையில்லாத இடைவெளி என்பதால் நம் ஊரில் யாரும் நிற்கவேண்டிய தேவை ஏற்படவில்லை. கல்லும் முள்ளுமான மலைப்பாதையில் போகிறவன் இளைப்பாற உட்காருவான், உட்கார்ந்தால் எழுதுவான். கணவாயில் போகிறவன் போய்க்கொண்டே இருப்பான். லியர் நின்றிருந்தாலும் மனிதரை எவ்வளவு எழுதியிருப்பாரோ! உருவம் எழுதுவதில் தமக்குப் பயிற்சி போதாது என்று, 1850-ல், 37 வயதில், லண்டன் கலைக்கழகப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்து படித்த மனிதர் அவர். மரமும் மலையும் வந்த எளிமையில் மனிதர் அவருக்கு வரவில்லை.

மற்றப் பாதி காலத்தைப் பற்றியது. நீலகிரியில் 1820-களிலேயே வெள்ளையர் குடியேற்றம் தொடங்கிவிட்டது. வண்ணப்பெட்டிகள் அங்கே முதலில் போயின. தோடவரின் குடில்களும் எருமைகளும் படங்களில் ஏறின. ஆனைமலைச் சரிவோ காய்ச்சலுக்குப் பேர்போன காடு. மறுபுறத்து உயர்மலைப் பகுதியை ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாற்று அரசரிடமிருந்து குத்தகைக்குப் பெற்றது 1877-ல். தோட்டக்காரர் சங்கம் அமைந்தது 1879-ல். போடி வழியாக நம் மக்கள் கூட்டம் கூட்டமாக மலையேறித் தோட்டத் தொழிலாளரானது அதற்கும் பிறகு. அப்போது தூரிகையின் காலம் முடிந்துகொண்டிருந்தது. 1868-க்கும் 1875-க்கும் இடையே அரசாங்கமே ‘இந்திய மக்கள்’ என்று எட்டுத் தொகுதிகளில் புகைப்படங்களை வெளியிட்டுவிட்டது. சொல்வின்ஸின் பட்டியலைக் கருவி எடுத்துக்கொண்டது. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் ஆனைமலைக் காடர் வருகிறார்கள். அளந்து குறிக்கப்பட்ட உயரத்தோடும் மூக்கின் அகலத்தோடும்.

எழுதப்படாமலே போனவற்றையும் நினைக்கவேண்டும். பாலக்காட்டு வயல்களின் பச்சையைத் தீட்டுவது எந்த ஓவியருக்கும் இனிமையான வேலை. அந்த வயலில் நாற்று நட்டவர்களுள் பலர், நிலத்தோடு சேர்த்து விற்கவும் அடகுவைக்கவும் பட்ட அடிமைகள். கம்பெனி ஆட்சிப் பகுதிகளில் அடிமையை உரிமைப்பொருளாகச் சட்டம் ஏற்காது என்று 1843-ல்தான் விதி வந்தது, திருவிதாங்கூரில் 1855-ல். குனிந்து நடுகிற வரிசையைத் தொலைவிலிருந்து பார்த்தால் அழகிய கோலம். அடிமையின் முதுகுக்கும் கூலியாளின் முதுகுக்கும் நீர்வண்ணத்தில் வேறுபாடு இல்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தின் எலும்புக்கூட்டு மனிதரை உலகம் கண்டது ஹூப்பர் என்னும் படை அதிகாரியின் புகைப்படங்களில். கண்ணுக்கினிய காட்சிக் கொள்கையில் அதற்கு இடமில்லை. இதற்காக ஓவியர்மேல் வழக்குத் தொடுக்க நான் வரவில்லை. ஆனால் அப்படங்களைச் சுவரில் மாட்டி, ‘அந்தக் காலத்து நிம்மதியான வாழ்க்கை!’ என்று பெருமூச்சு விடுகிற நம்மவர் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களோடுதான் எனக்கு வழக்கு.

அதே விடுமுறையில் மறையூருக்கும் போனேன். அங்கே ஓவியம் வெள்ளையரோடு வந்ததன்று. சந்தனக் காட்டுக்குள் எழுத்தளை என்று ஊரார் சொல்லும் பாறை ஒதுக்கிலும், ஆற்றலை என்னும் இடத்திலும், பழங்கால மனிதர் பாறையில் தீட்டிய மானும் பிற விலங்குகளும் மனித உருவங்களும் உள்ளன. வனத்துறையின் அனுமதியோடு மாமன் என்னை அழைத்துப்போனார். விலங்குக்கு மனிதன் அளவுகோலாக நிற்கவில்லை. இரண்டும் ஒரே பாறையில், ஒரே கையால், தேவையான அளவில் எழுதப்பட்டிருக்கின்றன.

திரும்பி வந்து மாமனின் ஆலைக்கொட்டகையில் உட்கார்ந்தேன். கரும்புச் சக்கை எரியும் அடுப்பின்மேல் பெரிய கொப்பரை, பாகு கொதித்துக்கொண்டிருந்தது. முப்பது ஆண்டுகளாக அங்கே பாகு கிண்டும் பெரியவர் துடுப்போடு நின்றார். ஓவியம் பயிலாதவனாயினும், நோட்டுப் புத்தகத்தில் அவரை எழுதிப் பார்த்தேன். வெல்லம் உருட்டி முடிந்ததும் அவர் வந்து எட்டிப் பார்த்தார்.

“தம்பி, துடுப்ப மேல புடிச்சிருக்கேனே, இப்பிடிப் புடிச்சா ஆவி கையச் சுட்டுருமே. ஒரு கை தாழ, ஒரு கை நுனில. பாருங்க” என்று காலித் துடுப்பை எடுத்துப் பிடித்துக் காட்டினார்.

அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். அந்தக் கை சரியாக அமைய அன்று மாலை முழுதும் ஆயிற்று.